மூன்றேகாலும் வெள்ளிக்கிழமையும்

மணி மூன்றேகால். கடிகாரத்தின் இரண்டு முட்களுக்கும் நடுவே எத்தனை பாகைக் கோணம்? வங்கித் தேர்வு, ரயில்வே தேர்வு, பொறியியல் கல்லூரி வளாகத் தேர்வு என்று எங்கே போனாலும் இந்த வினாவோ இதைப் போன்ற இன்னொன்றோ எதிரே வந்து நிற்கும். அவசரத்தில் பூஜ்யம் என்று குறித்துவிடுகிறவர்கள் நிறைய. நிமிட முள் மூன்றின் மேல் இருக்கிறது, மணி முள்ளும் மூன்றில்தானே இருக்கும் என்று கை முந்திக்கொள்கிறது. ஆனால் அந்தப் பதினைந்து நிமிடமும் மணி முள் சும்மா நிற்கவில்லை. நிமிடத்துக்கு அரைப் பாகை வீதம் ஊர்ந்து, மூன்றைத் தாண்டி ஏழரைப் பாகை போயிருக்கிறது. விடை ஏழரை.

சென்னை கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் மாவட்ட மைய நூலகங்களிலும் காலையிலேயே இடம்பிடித்து உட்காரும் இளைஞர்களின் மேசைகளில் இந்தக் கணக்குகள் விரிந்து கிடக்கின்றன. ஆர்.எஸ். அகர்வாலின் தடித்த புத்தகத்தில் நாட்காட்டிக்கு ஓர் அத்தியாயம், கடிகாரத்துக்கு ஓர் அத்தியாயம். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வில் 200 வினாக்கள். அவற்றில் 25 திறனறிவு வினாக்கள். நேரம் மூன்று மணி. வகுத்துப் பார்த்தால் ஒரு வினாவுக்கு 54 நொடி. இந்த 54 நொடிக்குள் வாழ்க்கையை நிமிர்த்திவிட நினைக்கும் ஒருவரிடம் சூத்திரத்தை மனப்பாடம் செய்யாதே என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. மணியை 30 ஆல் பெருக்கு, நிமிடத்தை ஐந்தரையால் பெருக்கு, பெரியதிலிருந்து சிறியதைக் கழி. தொண்ணூறில் எண்பத்திரண்டரை போக ஏழரை. பயிற்சி மையத்துக் கரும்பலகையில் இது ஒரே வரி.

அந்த ஐந்தரை எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல இன்னும் ஒரே ஒரு வரி போதும். நிமிட முள் நிமிடத்துக்கு ஆறு பாகை போகிறது, மணி முள் அரைப் பாகை போகிறது, வித்தியாசம் ஐந்தரை. இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டவருக்கு அத்தியாயத்தின் மற்றக் கணக்குகள் எல்லாம் தாமாகவே வழிவிடும். பன்னிரண்டு மணி நேரத்தில் நிமிட முள் பன்னிரண்டு சுற்று, மணி முள் ஒரு சுற்று. ஆகவே பெரியது சின்னதைப் பதினோரு முறைதான் முந்த முடியும். ஒரு நாளில் இரு முட்களும் ஒன்றன்மேல் ஒன்று வருவது 22 முறை, 24 அல்ல. பதினொன்றுக்கும் ஒன்றுக்கும் நடுவில் அவை தனியாகச் சந்திப்பதே இல்லை, பன்னிரண்டில் மட்டும் சந்திக்கின்றன. 720 நிமிடத்தைப் பதினொன்றால் வகுத்தால் 65 நிமிடமும் பதினொன்றில் ஐந்து பங்கும்: அதுதான் ஒரு சந்திப்புக்கும் அடுத்ததற்கும் இடைவெளி. ஒவ்வொரு சந்திப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே செங்கோணம் இரண்டு தடவை உண்டாகும். எனவே நாளுக்கு 44. பலரும் குறிக்கும் 48 அல்ல. நான்கு தனிச் சூத்திரங்களாகக் குறிப்பேட்டில் எழுதி வைக்கப்படுபவை எல்லாம் பதினொன்று என்ற ஒரே எண்ணின் வேலை.

முட்கள் இரண்டும் ஒரே நீளமாக இருந்தால் என்ன ஆகும்? எது மணி, எது நிமிடம் என்று தெரியாமல் போகிற கணங்கள் எத்தனை? ஐன்ஸ்டைன் உடல்நலமின்றிப் படுத்திருந்தபோது அவருடைய நண்பர் மோஸ்கோவ்ஸ்கி, இரு முட்களையும் இடம்மாற்றினாலும் சரியான நேரமே காட்டும் நிலைகள் எவை என்று கேட்டதாக ருஷ்ய எழுத்தாளர் யாக்கவ் பெரல்மான் எழுதியிருக்கிறார். மணி முள் வட்டத்தில் எங்கே இருக்கிறதோ அதைப் பன்னிரண்டால் பெருக்கினால் நிமிட முள்ளின் இடம்; மாற்றிப் போட்ட பிறகு அதையும் பன்னிரண்டால் பெருக்க வேண்டும். பன்னிரண்டு பன்னிரண்டு 144, அதிலிருந்து ஒன்றைக் கழிக்க 143. பன்னிரண்டு மணி நேரத்தில் அப்படிப்பட்ட நிலைகள் 143. அவற்றில் பதினொன்றில் முட்கள் ஒன்றாகவே இருப்பதால் குழப்பம் இல்லை. மிச்சமுள்ள 132 கணங்களில் அந்தக் கடிகாரத்தைப் பார்த்து மணி சொல்ல எவராலும் முடியாது. தேர்வுத்தாளின் ஒன்றிரண்டு மதிப்பெண் வினாவும் இதுவும் ஒரே வகைதான். தேர்வு அந்த ஆழம் வரை போவதில்லை, அவ்வளவே.

நாட்காட்டிக் கணக்கு இன்னும் வளமானது, ஏனென்றால் அதற்குள் வரலாறு இருக்கிறது.

1947 ஆகஸ்ட் 15 என்ன கிழமை? முறை எளிது: ஏழு ஏழாகக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பார்க்க வேண்டும். சாதாரண வருடத்தில் 52 வாரம் போக ஒரு நாள் மிச்சம், லீப் வருடத்தில் இரண்டு. நூறு வருடத்தில் 24 லீப் வருடங்கள், ஆக மிச்சம் 124. ஏழால் வகுக்க ஐந்து. இருநூறு வருடத்துக்கு மூன்று, முந்நூறுக்கு ஒன்று. நானூறாம் வருடம் லீப் வருடமாகிவிடுவதால் மிச்சமே இல்லை. இனி 1947க்கு வரலாம். 1600 வருடத்துக்குப் பூஜ்யம். அடுத்த 300க்கு ஒன்று. 46 வருடத்தில் லீப் வருடம் 11, ஆக 57, அதில் மிச்சம் ஒன்று. ஜனவரி முதல் ஆகஸ்ட் 15 வரை 227 நாள், மிச்சம் மூன்று. கூட்டினால் ஐந்து. ஞாயிற்றைப் பூஜ்யமாக வைத்தால் ஐந்து வெள்ளிக்கிழமை.

நானூறு வருடத்தில் 1,46,097 நாட்கள். அதாவது ஒரு நாள்கூடக் கூடாமல் குறையாமல் 20,871 வாரங்கள். கிழமைச் சக்கரம் அங்கே முழுசாக மூடிக்கொள்கிறது. மூடிக்கொள்வதால் சில கிழமைகளுக்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. ஒரு நூற்றாண்டின் கடைசி நாள் செவ்வாய், வியாழன், சனியாக ஒருபோதும் வராது என்பது தேர்வுகளில் அடிக்கடி கேட்கப்படும் வினா. மிச்சங்கள் ஐந்து, மூன்று, ஒன்று, பூஜ்யம் என்பதைத் தாண்டி அதற்கு வேறு காரணம் இல்லை. அந்த நானூறு வருடத்து 4,800 மாதங்களில் பதின்மூன்றாம் தேதி மற்ற எந்தக் கிழமையையும்விட வெள்ளியில்தான் அதிகம் விழுகிறது: 688 தடவை.

ஏழின் மிச்சத்தை வைத்து விரைவாகக் கிழமை சொல்வதில் பெரிய மனிதர்களுக்கும் ஆசை இருந்திருக்கிறது. 'ஆலிஸ்' கதைகளை எழுதிய லூயிஸ் கரோல் 1887ல் 'நேச்சர்' இதழில் தமது முறையை வெளியிட்டார். தாம் வேகமாகக் கணக்குப் போடுகிறவர் அல்ல, சராசரியாக இருபது நொடி ஆகிறது என்று அதிலேயே குறிப்பிட்டார். 1970களில் கணிதவியலாளர் ஜான் கான்வே அதைவிட அழகான வழி ஒன்றைக் கண்டார். ஏப்ரல் 4, ஜூன் 6, ஆகஸ்ட் 8, அக்டோபர் 10, டிசம்பர் 12 ஆகிய ஐந்தும் எந்த வருடத்திலும் ஒரே கிழமையில் வரும். அந்த ஒரு கிழமை தெரிந்துவிட்டால் மற்ற நாட்களுக்கு விரல்விட்டு எண்ணியே போய்விடலாம். தம் கணினியைத் திறக்கும்போதெல்லாம் அது தம்மிடம் சில தேதிகளைக் கேட்டு, பதில் வந்த பிறகே உள்ளே விடும்படி அவர் அமைத்துக்கொண்டிருந்தார். 2020ல் கொரோனா அவரைக் கொண்டுபோனது.

கான்வேயின் வழியை நம் பள்ளிக்கூடத்து நாட்களில் பொருத்திப் பார்த்தால் மனதுக்கு நிறைவாக இருக்கிறது. சுதந்திர தினம் ஆகஸ்ட் 8க்கு ஏழு நாள் கழித்து வருகிறது, ஆக அதுவும் அதே கிழமை. அதிலிருந்து 21ஆம் நாள் ஆசிரியர் தினம். மேலும் 70 நாள் கழித்து நவம்பர் 14, குழந்தைகள் தினம். மூன்றும் எந்த வருடமும் ஒரே கிழமையில்தான் வரும். காந்தி ஜெயந்தியிலிருந்து கிறிஸ்துமஸ் வரை 84 நாட்கள், சரியாகப் பன்னிரண்டு வாரம். அவை இரண்டும் ஒரு கிழமை. வருடந்தோறும் கொடியேற்றி, மிட்டாய் கொடுத்துக் கொண்டாடிய நாட்கள் இவை. சுவரில் தொங்கும் நாட்காட்டியில் எப்போதும் கண் முன்னால் இருந்த இந்த ஒழுங்கை ஏழாம் வகுப்பிலேயே பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கலாம். வேலைக்கான போட்டித் தேர்வு வரும்வரை காத்திருக்க வேண்டிய சங்கதி அல்ல இது.

தேர்வுப் புத்தகம் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. ஜூலியஸ் சீசரின் நாட்காட்டி நான்கு வருடத்துக்கொரு லீப் வருடம் என்று கண்ணை மூடிக்கொண்டு போனதால், வருடத்துக்குப் பதினொரு நிமிடம் அளவில் சூரியனிலிருந்து விலகிக்கொண்டே வந்தது. 1582ல் போப் பதின்மூன்றாம் கிரிகோரி அதைத் திருத்தினார். அந்த வருடம் அக்டோபர் 4 வியாழன். மறுநாள் வெள்ளி, ஆனால் தேதி அக்டோபர் 15. கத்தோலிக்க நாடுகள் உடனே ஏற்றன; பிரிட்டன் 170 வருடம் தாமதித்தது. 1752 செப்டம்பர் 2 புதன்கிழமை படுத்த ஆங்கிலேயர், மறுநாள் வியாழக்கிழமை விழித்தபோது தேதி செப்டம்பர் 14. தேதிகள் தாவின, கிழமைகள் ஒரு நாள்கூடத் தாவவில்லை.

இந்த இடைவெளி நம் கடற்கரையில் வெகு துலக்கமாகத் தெரிந்தது. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் புதிய நாட்காட்டியிலும், சென்னையில் ஆங்கிலேயர்கள் பழைய நாட்காட்டியிலும் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். 1746ல் பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே சென்னைக் கோட்டையைக் கைப்பற்றிய நாள் பிரெஞ்சுக் கணக்கில் செப்டம்பர் 21, ஆங்கிலேயர் கணக்கில் செப்டம்பர் 10. இரண்டும் ஒரே புதன்கிழமை. இன்றைய தேர்வு முறையில் 1746 செப்டம்பர் 10 என்று போட்டுப் பார்த்தால் சனிக்கிழமை என்று வரும். அந்த முறை கிரிகோரியின் நாட்காட்டியை எல்லாக் காலத்துக்கும் பொதுவாக வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. ஆனந்தரங்கப் பிள்ளை போல அப்போது புதுச்சேரியில் நாட்குறிப்பு எழுதிய ஒருவருக்கு மூன்றாவதாக ஒரு கணக்கும் கைவசம் இருந்தது: அட்சய வருடம், புரட்டாசி மாதம். பிரெஞ்சுத் தேதியும் ஆங்கிலத் தேதியும் முரண்பட்டாலும், அந்தத் தமிழ்த் தேதியை யாரும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

தமிழ் வருடத்துக்கும் மிச்சக் கணக்கு உண்டு. அது இன்னும் நுணுக்கமானது. வாக்கியப் பஞ்சாங்கத்தின் அடிப்படையில் ஒரு வருடம் 365 நாள், 15 நாழிகை, 31 விநாடி, 15 தற்பரை. ஆரியபடர் வகுத்த அளவு இது. ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 24 நிமிடம். 52 வாரம் போக மிச்சம் ஒரு நாள் 15 நாழிகை 31 விநாடியும் சொச்சமும். போன வருடம் சித்திரை பிறந்த கிழமையோடும் நாழிகையோடும் இந்த மிச்சத்தைக் கூட்டினால் இந்த வருடம் சித்திரை பிறக்கும் நேரம் கிடைத்துவிடும். கிரிகோரியின் வருடத்தைவிட இது ஏறக்குறைய ஒரு நாழிகை நீளம். அறுபது வருடத்துக்குச் சற்று மேல் போனால் அந்த நாழிகைகள் சேர்ந்து ஒரு நாளாகிவிடும். ஆனந்தரங்கப் பிள்ளை காலத்தில் தமிழ் வருடப் பிறப்பு இன்றைக்கு வரும் தேதிக்கு ஏறக்குறைய நான்கு நாள் முன்னதாக வந்ததற்கு இதுதான் காரணம்.

பஞ்சாங்கம் கணிப்பவர்கள் கலியுகத்தின் முதல் நாளிலிருந்து கடந்துபோன நாட்களை எண்ணி வைத்திருக்கிறார்கள். அந்த முதல் நாள், பொ.மு. 3102 பிப்ரவரி 18, வெள்ளிக்கிழமை. எந்த நாளுக்கும் கலி தினத்தை ஏழால் வகுத்து, மிச்சத்தை வெள்ளியிலிருந்து எண்ணினால் கிழமை தெரியும். 1947 ஆகஸ்ட் 15க்கான கலி தினம் 18,43,947. ஏழால் வகுத்தால் 2,63,421 ஈவு, மிச்சம் பூஜ்யம், வெள்ளி. அகர்வாலின் அத்தியாயமும் பஞ்சாங்கமும் வேறு வேறு தொடக்கங்களிலிருந்து நடந்து வந்து ஒரே கிழமையில் நிற்கின்றன.

இந்த மரபைக் கையாண்ட ஒருவரை நமக்குக் காட்டியவர் ஜான் வாரன். பிரெஞ்சுக் குடும்பத்தில் பிறந்து ஆங்கிலப் படையில் சேர்ந்தவர், கோலார்ப் பகுதியில் தங்கம் இருப்பதை 1802ல் ஆராய்ந்தவர், பிறகு சென்னை வானியல் கூடத்தின் பொறுப்பிலும் இருந்தவர். தென்னிந்திய நாட்காட்டிகளை விளக்கும் 'காலசங்கலித'த்தை அவர் 1825ல் சென்னையில் வெளியிட்டார். புதுச்சேரியில் வாழ்ந்த ஒரு பஞ்சாங்கக் கணிதர் அவர் எதிரே தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமான வாக்கியங்களைச் சொல்லிக்கொண்டே, காகிதமும் எழுத்தாணியும் இல்லாமல், ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். அந்த வருடம் மே 31, ஜூன் 1 இரவில் நிகழ்ந்த கிரகணம் அது. தொடக்கத்தை நான்கு நிமிடம், நடுவை 23 நிமிடம், முடிவை 52 நிமிடம் என்ற அளவுக்கே அவர் கணக்கு தவறியது. இந்த முறையை ஆராய்ந்து கணித வரலாற்றறிஞர் ஆட்டோ நொய்கெபவர் 1952ல் 'தமிழ் வானியல்' என்ற தலைப்பிலேயே ஒரு கட்டுரை எழுதினார்.

சோழிகள் செய்த வேலையும் மிச்சம் பார்ப்பதுதான். நாட்களின் எண்ணிக்கையை 12,372 ஆல் வகுத்து, எஞ்சியதை 3,031 ஆல் வகுத்து, அதில் எஞ்சியதை 248 ஆல் வகுத்தால் கடைசியில் ஒரு மிச்சம் நிற்கும். 248 நாட்களில் நிலவின் வேகமும் மந்தமும் ஒன்பது முறை முழுசாகச் சுழன்று மறுபடி பழைய நிலைக்கு வந்துவிடுகின்றன. ஆகவே 248 நாளுக்கு 248 வாக்கியங்கள். வரருசி இயற்றியவை என்பது மரபு. மிச்சம் எந்த எண்ணோ அந்த எண்ணுள்ள வாக்கியம் அன்றைய நிலவின் இடத்தைச் சொல்லும். வாக்கியத்தின் ஒவ்வோர் எழுத்தும் ஓர் இலக்கம். கடபயாதி முறையில் 'தேவரம்' என்றால் எட்டு, நான்கு, இரண்டு. வலமிருந்து படித்தால் 248. நிலவின் சுழற்சியின் அளவே ஒரு பெயருக்குள் ஒளிந்திருக்கிறது.

தம் எதிரே உட்கார்ந்து கணித்தவருக்கு வானியல் கொள்கை எதுவும் தெரியாது, அபாரமான நினைவாற்றல் மட்டும் இருந்தது என்று வாரன் எழுதுகிறார். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்தக் கூற்றை ஒரு குறையாக மட்டும் படிப்பது அநியாயம். காரணம் தெரியாதவரின் நினைவில்தான் பல நூற்றாண்டுக் கணக்கு ஓர் இலக்கம் பிசகாமல் வந்து சேர்ந்தது. சேர்ந்ததால்தான் பின்னால் வந்தவர்கள் அதைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க முடிந்தது. மனப்பாடம் அறிவைப் பத்திரப்படுத்துகிறது. திறப்பதற்கு வேறொரு கேள்வி தேவைப்படுகிறது: ஏன் 248, ஏன் 3,031?

பயிற்சி மையத்தில் சூத்திரத்தை எழுதிக்கொள்ளும் பிள்ளைகளின் நிலையும் இதுவே. வேறுபாடு ஒன்றுதான்: புதுச்சேரிக்காரரின் வாக்கியத்துக்குப் பின்னால் இருந்த வானியல் எளிதில் எட்டாதது; இவர்களுடைய ஐந்தரைக்கும் மிச்ச ஐந்துக்கும் பின்னால் இருப்பது வெறும் கழித்தலும் வகுத்தலும். அதைச் சொல்லிக்கொடுக்காமல் விடுவதற்கு நேரமின்மை காரணமாகாது. காரணம் தெரிந்தவர் மறந்துபோன சூத்திரத்தைத் தேர்வறையிலேயே மறுபடி ஆக்கிக்கொள்வார். தெரியாதவருக்கு மறந்தால் அந்த வினா போனதுதான். கிராமத்திலிருந்து வந்து வாடகை அறையில் தங்கி, வருடக்கணக்காக எழுதிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு ஒன்றிரண்டு மதிப்பெண் எவ்வளவு பெரியது என்பது அவர்களோடு பழகிய ஆசிரியர்களுக்குத் தெரியும். ஆகவே இது அவருக்குப் பயன் தரும் விஷயம். பயனுக்கு அப்பாலும் ஒன்று உண்டு. பல பேருக்கு வாழ்க்கையில் எண்கணிதத்தோடு கடைசியாக நெருங்கிப் பழகக் கிடைக்கும் சந்தர்ப்பம் இந்தத் தேர்வுகள்தாம். அந்தச் சந்தர்ப்பத்தில் ஒரு முறையாவது எண்களின் உள்வேலை தெரியும்படி அவர்களுக்குக் காட்டிவிட வேண்டும்.

28 வருடத்துக்கு ஒருமுறை நாட்காட்டி அப்படியே திரும்பி வரும் என்பது இந்த மாணவர்கள் எல்லோரும் மனப்பாடம் செய்திருக்கும் விதி. 2024ன் நாட்காட்டியை 2052ல் மாட்டிக்கொள்ளலாம். அதே விதியை நம்பி 2072ன் நாட்காட்டியை 2100ல் எடுத்து மாட்டினால் இரண்டு மாதம் சரியாகப் போகும். 2072 லீப் வருடம். நூறால் வகுபட்டும் நானூறால் வகுபடாத 2100 லீப் வருடம் அல்ல. 2100 பிப்ரவரி 28 ஞாயிற்றுக்கிழமை. பழைய நாட்காட்டி மறுநாள் திங்களை 29 என்று காட்டும். உண்மையில் அன்று மார்ச் 1.